போயா நாள் நண்டும் ரெண்டு ரிவியூவரும்

கேள்வி, 2025 ஓகஸ்ட் 24 (அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி)

ஸலாம் மிஸ். நான் தற்காலிக விரிவுரையாளர். வயல்ல களை பற்றின என்ட முதல் ஆய்வுப் பேப்பர் ஏழு மாசத்துக்குப் பிறகு திரும்பி வந்திருக்கு. ஒரு ரிவியூவர் "நல்ல வேலை, சின்னத் திருத்தம் போதும்" எண்டு எழுதியிருக்கார். மற்றவர் "புதுசா ஒண்டும் இல்ல, ஆங்கிலமும் சரியில்ல" எண்டு ரெண்டே வரி. எடிட்டர் ரெண்டு வரிக்காரர்ர பக்கம் சாஞ்சிட்டார். அடுத்த நாளே கேள்விப்படாத ஒரு ஜேர்னல்ல இருந்து ஈமெயில்: பத்து நாள்ல முடிவு, 1,200 டொலர். இப்பிடித் துறை ஆக்களை வச்சுப் பேப்பரை மதிப்பிடுற பியர் ரிவியூ எண்டுறது லொத்தர்ச் சீட்டுத்தானே மிஸ்? அப்ப காசைக் கட்டி முடிச்சா என்ன பிழை?

ஓகஸ்ட் 24, இரவு

கட்டாத புள்ள. மிச்சத்தை நாளைக்கு எழுதுறன்.

ஓகஸ்ட் 25

1,200 டொலர் எண்டா இண்டைக்கு மூண்டரை லட்சத்துக்கு மேல. அந்தக் காசுக்கு நீ வாங்கப் போறது ரிவியூ இல்ல, ரிவியூ நடந்த மாதிரி ஒரு கடதாசி.

2013ல ஜோன் பொஹானன் எண்ட செய்தியாளர் ஒரு வேலை பார்த்தார். பாசிக்காளான்ல இருந்து எடுத்த பொருள் புற்றுநோயைக் கொல்லும் எண்டு ஒரு போலிப் பேப்பர். பிழையை வேணுமெண்டே உள்ளுக்கு வச்சு, இல்லாத ஆக்கள்ர பேரையும் இல்லாத நிறுவனங்கள்ர பேரையும் போட்டு, 304 ஜேர்னலுக்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டது. பாதிக்கு மேல. "சயன்ஸ்" இதழ்ல வந்த கதை இது.

பெரிய வீட்டுலயும் இது நடந்திருக்கு. 2021ல வைலி எண்ட பெரிய பதிப்பகம் ஹிந்தாவி எண்ட ஜேர்னல் பதிப்பகத்தை 298 மில்லியன் டொலருக்கு வாங்கினது. பேப்பரைச் செய்து விற்கிற ஆலைகள் அதுக்குள்ள முன்னமே குடி புகுந்திருந்தது. 2023ல மட்டும் ஹிந்தாவி ஜேர்னல்கள்ல 8,000க்கு மேல பேப்பர் திரும்பப் பெறப்பட்டது. கடைசியில அந்தப் பேரையே வைலி கைவிட்டுட்டுது.

லொத்தர் எண்டு சொன்னதுல பாதி சரி. 2014ல ஒரு பெரிய கணினி மாநாட்டுல 166 பேப்பரை எடுத்து, ஒண்டோட ஒண்டு தொடர்பில்லாத ரெண்டு குழுவுக்குக் குடுத்துப் பார்த்தாங்க. நாலில ஒரு பேப்பருக்கு முடிவு மாறி வந்தது. ஒரு குழு "எடு" எண்டு சொன்னதுகள்ல பாதிக்கு மேல மற்றக் குழு "வேணாம்" எண்டு தள்ளினது. ஆனா ரெண்டு பக்கமும் சேர்ந்து தள்ளினதுதான் கூட. மோசமானதைக் கண்டுபிடிக்கிறதுல ஆக்கள் ஒத்துப்போறாங்க, நல்லதைக் கண்டுபிடிக்கிறதுலதான் சண்டை. முழுச் சீட்டிழுப்பு இல்ல, அரைச் சீட்டிழுப்பு.

350 வருசமா நடக்கிற முறை, ஒரு நாள்ல தூக்கி எறிய ஏலாது.

ஓகஸ்ட் 29

கல்முனையில இருந்து ஒரு தம்பி திருத்தம் அனுப்பியிருக்கார். நியாயமான திருத்தம். 350 வருசம் ஜேர்னலுக்குத்தான், ரிவியூவுக்கு இல்ல. ஹென்றி ஓல்டன்பேர்க் 1665ல லண்டன்ல தொடங்கினது ஜேர்னல். என்ன போடுறது எண்டு அவரே முடிவெடுத்தார். "நேச்சர்" இதழ் எல்லாப் பேப்பரையும் வெளியாளுக்கு அனுப்பத் தொடங்கினது 1973லதான். 1953ல டிஎன்ஏ பேப்பர் ரிவியூ இல்லாமத்தான் வந்தது. "நேச்சர்"ர அந்த வழக்கத்தை விட என்ட அம்மாவுக்கு வயசு கூட.

ஐன்ஸ்டைன் கதையையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். 1936ல ஐன்ஸ்டைனும் நேத்தன் ரோசனும் ஈர்ப்பு அலை இல்லையெண்டு ஒரு பேப்பர் எழுதி அமெரிக்காவுல ஒரு ஜேர்னலுக்குக் குடுக்க, எடிட்டர் அதை வேற ஒராளுக்குக் காட்டிப்போட்டார். வந்தது பிழை காட்டின பதில். ஐன்ஸ்டைனுக்குக் கோபம். அச்சிடத்தான் குடுத்தன், வேற ஆளுக்குக் காட்டச் சொல்லி யார் சொன்னது எண்டு பேப்பரைத் திருப்பி எடுத்துட்டார். அந்த ரிவியூவர் ஹவார்ட் ரொபேட்சன் சொன்னது சரி. ஐன்ஸ்டைன்ர உதவியாளரோட அவர் சும்மா கதைச்ச கதையில பிழை விளங்கி, அடுத்த வருசம் வேற இடத்துல முடிவை மாத்திப் போட்டாங்க.

கடிதத்துல ஏறாத பிழை தேத்தண்ணிக் கதையில ஏறியிருக்கு. இதை ஏன் சொல்றன் எண்டா எனக்கும் ஒண்டு நடந்தது. பௌர்ணமிப் போயாவுக்கு லீவுதானே, அண்டைக்கு எழுதுறன்.

செப்டெம்பர் 7, போயா

போயா ஞாயிறுல விழுந்து லீவு வீணாப் போச்சு. சரி, கதைக்கு வாறன்.

மட்டக்களப்பு வாவியில நண்டு பற்றி ஒரு வருசம் வேலை செய்தன். ஓட்டின்ர அகலத்தை அளக்கிறது, நிறுக்கிறது, அகலத்துக்கு நிறை காணுமா எண்டு பார்க்கிறது. பெரிய வித்தையில்ல. ஆரையம்பதிப் பக்கம் ஒரு மாமா, அறுபது வயசிருக்கும், தோணியும் நண்டு வலையும் அவர்ர. விடிய நாலரைக்குப் போய் அவர் வலை தூக்கத் தூக்க நாங்க அளப்பம். மாசம் ஒருக்கா, 12 தடவை.

பேப்பர் வெளிநாட்டு ஜேர்னல்ல வந்தது. ரெண்டு ரிவியூவர். முதலாவது ஆள் புள்ளிவிவரத்தை மெச்சினார். ரெண்டாவது ஆள் நாலு பேப்பரை மேற்கோள் காட்டச் சொன்னார், நாலும் ஒரே ஆள்ர. ஆர் எண்டு உங்களுக்கே விளங்கும். நான் காட்டினன். ஏற்றுக்கொண்டாங்க. சந்தோசத்துல மாமாவுக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் குடுத்தன், அவர்ர தோணி படத்துல இருக்கு எண்டு.

அவர்ர மகள் அப்ப ஏ.எல். படிக்கிறா. தோணிப் படம் பார்த்து முடிஞ்சு, அட்டவணையில இருந்த திகதிகளை ஒவ்வொண்டா வாசிச்சா. மாமா சுவர்ல தொங்கின பழைய கலண்டரை இறக்கிப் பார்த்துக்கொண்டு இருந்தார். மறுகா சொன்னார்:

"மிஸ், நீங்க வந்தது எல்லாம் பறுவத்துலதானே."

ஓம். கம்பஸ் லீவு நாள் எண்டா எனக்கும் பொடியனுகளுக்கும் போயாதான். 12 தடவையில 9 தடவை போயா நாள்.

"பறுவத்து நண்டு ஓடுதான். உள்ளுக்குத் தண்ணி. யாவாரியே அண்டைக்கு விலையைக் குறைப்பான். நீங்க அதை நிறுத்துப்போட்டு வருசம் முழுக்க நண்டு இப்பிடித்தான் எண்டு எழுதியிருக்கீங்க."

திகதி அட்டவணையில வடிவா அச்சாகிக் கிடந்தது. ரெண்டு ரிவியூவர், ஒரு எடிட்டர், நாலு எழுத்தாளர், ஆருக்கும் தெரியல்ல. ரிவியூவர் ஆக்கள் இருந்த நாட்டுல பௌர்ணமிக்கு லீவு இல்ல, அதால தெரிய நியாயமுமில்ல. போயாவுக்கு லீவு விடுற நாட்டுலதான் இப்பிடி ஒரு பிழை வரும், நிலாப் பார்த்து வலை போடுற ஆள்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

செப்டெம்பர் 8

"மறுகா அந்தப் பேப்பரைத் திருத்தினீங்களா மிஸ்?" எண்டு மூண்டு பேர் கேட்டிருக்கீங்க. செங்கலடி பஸ்ஸுக்கு நேரமாச்சு.

செப்டெம்பர் 14

பஸ்ஸால இறங்கி ஆறு நாள் ஆகுது எண்டு ஒராள் எழுதியிருக்கார். பொறுங்க, வாறன்.

முதல்ல தங்கச்சிக்கு. "ஆங்கிலம் சரியில்ல" எண்ட அந்த வரி. பேப்பருக்கு மேல கிடக்கிற பேரும் ஊரும் எவ்வளவு வேலை செய்யுது எண்டதுக்கு 2022ல ஒரு சோதனை வந்தது. வேர்னன் ஸ்மித், பொருளியல்ல நோபல் வாங்கினவர், அவரும் சபியு இனுவா எண்ட பெரிசா அறியப்படாத ஆய்வாளரும் சேர்ந்து எழுதின ஒரே பேப்பர். 500க்கு மேற்பட்ட ரிவியூவர் பார்த்தாங்க. ஸ்மித் பேரை மட்டும் பார்த்தவங்கள்ல 23 வீதம் நிராகரிக்கச் சொன்னாங்க. பேரே இல்லாமப் பார்த்தவங்கள்ல 48 வீதம். இனுவா பேரை மட்டும் பார்த்தவங்கள்ல 65 வீதம். பேப்பர்ல ஒரு எழுத்து மாறல்ல.

இதை வாசிச்ச நாள் எனக்கு நல்ல கோபம். பின்னேரம் வீட்டுக்கு வந்து கல்லடிப் பாலத்துக் காத்துல நடந்துகொண்டு இருக்கேக்க என்ட பாவம் ஞாபகம் வந்தது. நான் ரிவியூ செய்த ஒரு பேப்பர், நம்மட நாட்டு ஆள்தான், பக்கத்து மாவட்டம். முதல் பக்கத்துல மூண்டு இலக்கணப் பிழை. அதுக்கு மேல நான் கவனமா வாசிக்கல்ல. "மொழி திருத்தப்பட வேண்டும், பங்களிப்பு தெளிவில்லை" எண்டு ரெண்டு வரி எழுதி அனுப்பிட்டன். அண்டைக்கு எனக்குத் திருத்த 140 விடைத்தாள் கிடந்தது. உன்ர ரெண்டு வரிக்காரரை நான் திட்ட ஏலாது புள்ள. நானும் ஒரு ஆளுக்கு ரெண்டு வரிக்காரி.

செப்டெம்பர் 15

இல்ல, 140 விடைத்தாள் எண்டது சாட்டு. எழுபது இருக்கும்.

செப்டெம்பர் 27

காசுக் கதை கேட்டிருந்தீங்க. கதை சுருக்கம். ஆய்வுக்குக் காசு அரசாங்கம், எழுதுறது நாங்க, ரிவியூ செய்றது நாங்க, மூண்டுக்கும் பதிப்பகம் காசு குடுக்கிறதில்ல. வாசிக்கிறதுக்கு நூலகம் கட்டோணும். இப்ப "திறந்த அணுகல்" எண்டு வாசிக்கிறது இலவசம், எழுதுறவர் கட்டோணும். "நேச்சர்" 2021ல இந்த வழியைத் திறக்கேக்க ஒரு பேப்பருக்கு 9,500 யூரோ. ஆரையம்பதியில அந்தக் காசுக்குத் தோணி மட்டுமில்ல, எஞ்சினும் வாங்கி, மிச்சத்துக்கு வீட்டுக் கூரையும் போடலாம்.

ஏழை நாட்டுக்குக் கழிவு உண்டு. நம்மட நிலைமை நடுவால நிக்கிற நிலைமை. உலக வங்கி 2019ல நம்மளை மேல் நடுத்தர வருமான நாடு எண்டு ஏத்தி, அடுத்த வருசமே கீழ் நடுத்தரத்துக்கு இறக்கினது. முழு இலவசம் கிடைக்கிற அளவுக்கு ஏழையில்ல, கட்டுற அளவுக்குப் பணக்காரருமில்ல. கன பெரிய பதிப்பகத்துல நமக்குக் கிடைக்கிறது 50 வீதக் கழிவு. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போகேக்க அந்தக் கழிவு எங்க போச்சு எண்டே தெரியல்ல.

பக்கத்து நாட்டுக்காரர் 6,000 கோடி இந்திய ரூபா ஒதுக்கி, 30 பதிப்பகத்தின்ர 13,000 ஜேர்னலை அரசாங்கக் கல்வி நிறுவனம் எல்லாத்துக்கும் ஒரே சந்தாவில திறந்து விட்டிருக்காங்க. அதே நாட்டுல போன மாசம், கட்டணப் பேப்பரைக் காசில்லாம இறக்க விடுற சை-ஹப்பைத் தடை செய்யச் சொல்லி டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கசகஸ்தான் பொண்ணு ஒருத்தி 2011ல தொடங்கின தளம். அதை நான் பாவிச்சிருக்கனா எண்டு கேட்காதீங்க. என்ட சொந்தப் பேப்பரையே நான் எங்க இருந்து இறக்கினன் எண்டும் கேட்காதீங்க.

ரிவியூவருக்குக் காசு குடுத்தா? ஒரு மருத்துவ ஜேர்னல் 250 டொலர் குடுத்துச் சோதிச்சுப் பார்த்தது. கேட்டவங்கள்ல ஒத்துக்கொண்டது 48 வீதத்துல இருந்து 53 வீதம் ஆச்சு, ரிவியூ ஒரு நாள் முந்தி வந்தது, தரம் மாறல்ல. 250 டொலர் குடுத்தா நான் இலக்கணப் பிழையைத் தாண்டி வாசிச்சிருப்பனா? வாசிச்சிருப்பன். ரெண்டு தரம்.

ஒக்டோபர் 4

தங்கச்சி கேட்கிறா: "ரெண்டு வரியை ஏஐ எழுதியிருக்குமோ மிஸ்?" இல்ல புள்ள. ஏஐ எண்டா மூண்டு பக்கம் எழுதியிருக்கும், மரியாதையும் கூட இருந்திருக்கும்.

ஆனா கதை சும்மா இல்ல. இந்த யூலையில, பேப்பருக்குள்ள வெள்ளைக் கடதாசியில வெள்ளை எழுத்தால "நல்ல ரிவியூ மட்டும் குடு" எண்டு இயந்திரத்துக்குக் கட்டளை ஒளிச்சு வச்ச 17 பேப்பரை ஒரு ஜப்பான் பத்திரிகை கண்டுபிடிச்சது. எட்டு நாட்டு ஆக்கள். சின்னப்பிள்ளையில எலுமிச்சம்புளியால எழுதி விளக்குல காட்டி வாசிச்ச விளையாட்டு. அகப்பட்ட சிலர், ரிவியூவர் வாசிக்காம ஏஐக்குப் போடுறாரா எண்டு பிடிக்கத்தான் வச்சம் எண்டாங்க. ரெண்டு பக்கமும் கள்ளன் பொலிஸ் விளையாட்டு, நடுவால பேப்பரை ஆர் வாசிச்சது?

இன்னொண்டு எனக்குப் பிடிச்சது. களவெடுத்த பேப்பர் பிடிபடாமலிருக்க சொல்லை மாத்துற மென்பொருள் ஒண்டால ஓட்டுவாங்க. அது கலைச்சொல்லையும் சேர்த்து மாத்திரும். கியோம் கபானாக் எண்ட பிரெஞ்சுக்காரரும் கூட்டாளிகளும் 2021ல இருந்து இதுகளைப் பொறுக்குறாங்க. தமிழ்ல சொன்னா, செயற்கை நுண்ணறிவு "கள்ள உணர்வு" ஆகியிருக்கும், மார்பகப் புற்றுநோய் "நெஞ்சகப் பேரிடர்" ஆகியிருக்கும். எல்லாம் ரிவியூ தாண்டி அச்சானது. பொடியனுகள்ர ஒப்படையில "கூண்டு மீன் வளர்ப்பு" எண்டுறதை ஒருத்தர் "கூண்டுச் சிறை மீன்" எண்டு எழுதினார், அது ஞாபகம் வந்தது. அவருக்கு நான் பாதிப் புள்ளி குடுத்தன்.

ஒக்டோபர் 12

ஈலைஃப் ஜேர்னலைப் பற்றி ஒராள் நீளமா எழுதியிருக்கார், மாற்றுவழி இருக்கு எண்டு. இருக்கு. 2023 தொடக்கத்துல இருந்து அவங்க ஏற்றல், நிராகரித்தல் எண்டதையே விட்டுட்டாங்க. எடிட்டர் தேர்ந்து ரிவியூவுக்கு அனுப்பினா, பேப்பரும் ரிவியூவும் சேர்ந்து வெளிவரும், பலவீனமா பலமா எண்டு ஒரு குறிப்போட. ஆக்கள் வாசிச்சு முடிவெடுக்கலாம். 2023ல கட்டணம் 2,000 டொலர். விளைவு? 2024 ஒக்டோபர்ல, ஜேர்னல்களை அட்டவணைப்படுத்துற கிளாரிவேட் நிறுவனம் அதை அட்டவணையில நிறுத்தி வச்சது, மேற்கோளை எண்ணி ஜேர்னலுக்குப் போடுற இம்பெக்ட் ஃபெக்டர் எண்ட புள்ளி போச்சு.

மாமாவின்ர கருத்து என்ட பேப்பருக்குப் பக்கத்துல அச்சாகியிருந்தா எண்டு யோசிச்சுப் பார்த்தன். அழகாத்தான் இருக்கும். ஆனா ப்ரொமோஷன் படிவத்துல "அட்டவணைப்படுத்தப்பட்ட ஜேர்னல்" எண்டு ஒரு கட்டம் இருக்கு. "நிலா தெரிஞ்ச வாசகர் ஒப்புக்கொண்டார்" எண்டு கட்டம் இல்ல.

எழுதிப்போட்டுப் பார்த்தா, "திருத்தினீங்களா" எண்டு என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் இதுக்குள்ளதான் கிடக்கு.

ஒக்டோபர் 21

தீபாவளிப் பலகாரம் முடிஞ்சு. சொல்லிர்றன்.

நண்டுப் பேப்பரைத் திருத்தல்ல. மாமா சொன்ன அண்டைக்கு இருந்து ஆறு வருசம். முதல் காரணம், ப்ரொமோஷன் விண்ணப்பத்துல அந்தப் பேப்பருக்குப் புள்ளி இருந்தது, நேர்முகம் வரக் கிடந்தது. ரெண்டாவது காரணம், நேர்முகம் முடிஞ்ச பிறகு வெட்கம். மூண்டாவது, ஆரும் கேட்கல்ல. அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டினவங்க இருக்காங்க. அவங்கள்ல ஒராள் நிறைக் கணக்கை அப்படியே எடுத்திருக்கார்.

செப்டெம்பர் 8ல நீங்க கேட்டதுக்குப் பிறகுதான் பழைய தரவை எடுத்தன். போயா இல்லாத மூண்டு தடவையில, அதே அகல நண்டு நிறை கூட. மூண்டு தடவையை வச்சு மாமா சொன்னது சரி எண்டு நிறுவ ஏலாது. ஆனா நான் சொன்னது நிக்காது எண்டுறதுக்கு அது காணும். மாச இறுதியில ஜேர்னலுக்கு எழுதினன். பதில்: எழுத்துப் பிழை எண்டா இலவசமாத் திருத்தலாம், இது முடிவையே பாதிக்கிறதால புதுக் குறிப்பா அனுப்புங்க, ரிவியூவுக்குப் போகும், கட்டணம் உண்டு, உங்கட நாட்டுக்கு 50 வீதக் கழிவு.

நான் விட்ட பிழையை ஒப்புக்கொள்ளவும் பாதி விலை.

ஒக்டோபர் 22

கண்டிப்பா ரெண்டு பேர் திட்டியிருக்கீங்க. ஒராள், "மிஸ் எங்களுக்கு ஆய்வு ஒழுக்கம் படிப்பிச்சது நீங்கதான்." ஓம். அந்தப் பாடத்தை நல்லாத்தான் படிப்பிச்சன்.

நவம்பர் 2

மேல எழுதினதுக்கு ஒரு திருத்தம். காசு கேட்டதைக் குத்தமா எழுதினன். ரிவியூவுக்குப் போகோணும் எண்டதுல அவங்க சரி. மூண்டு தடவைத் தரவோட நான் போய் "மாமா சொன்னார்" எண்டா அதை அப்படியே அச்சடிக்கலாமா? ரெண்டாவது பிழையை அவசரத்துல விடுறதுக்கு முதலாவதையே விட்டு வைக்கலாம். அமாவாசைக்கும் பறுவத்துக்கும் சமமா நாள் வச்சு அளக்கோணும். வேற வழியில்ல.

காசில்லாமப் போட வழி இருக்கு எண்டு கல்முனைத் தம்பி, ரிவியூவுக்கு முந்தியே பேப்பரைப் போடுற முன்பதிப்புத் தளம் சொன்னார். ஆர்க்கைவ் 1991ல இருந்து இருக்கு, எனக்குரிய பயோஆர்க்கைவ் 2013ல இருந்து. நல்லது. ஆனா ரெண்டு நாளைக்கு முந்தி ஆர்க்கைவ்ல கணினிப் பிரிவு ஒரு அறிவித்தல் விட்டிருக்கு: தொகுப்புக் கட்டுரையும் நிலைப்பாட்டுக் கட்டுரையும் இனி பியர் ரிவியூ முடிஞ்சுதான் வரோணும், ஏஐ எழுதித் தள்ளுறது தாங்க ஏலாது எண்டு. வாசல்காரன் வேணாம் எண்டு கட்டின வீட்டுக்காரர் வாசல்காரனைத் தேடுறார்.

நவம்பர் 17

தங்கச்சிக்குப் பதில் வந்திருக்கு. நம்மட நாட்டு விவசாய ஜேர்னல் ஒண்டுக்கு அனுப்பச் சொன்னன், கட்டணம் இல்ல. மூண்டு பக்கத்துல கேள்வி. ரெண்டாம் தண்ணி கட்டினதுக்கு முந்தி எண்ணின களையா, பிந்தி எண்ணினதா எண்டு ரிவியூவர் கேட்டிருக்கார். அவ அதைக் குறிச்சு வச்சிருக்கா, பேப்பர்ல எழுத மறந்திருக்கா. "அந்த ரிவியூவர் நீங்களா மிஸ்?" எண்டு கேட்கிறா. நான் இல்ல புள்ள. நானாயிருந்தாலும் இல்லையெண்டுதான் சொல்லோணும்.

மாமாவோட கதைச்சன். இப்ப அவருக்கு முழங்கால் வருத்தம், தோணி மருமகன்ர கையில. தீபாவளி லீவு அமாவாசையை ஒட்டித்தான் வாறது, ஆனா அண்டைக்கு அவங்க வீட்டுல ஆரும் ஆத்துக்கு இறங்கமாட்டாங்க. அடுத்த அமாவாசை 20ஆம் திகதி, வியாழன். வேலை நாள். கடமை லீவுப் படிவம் எடுத்து வந்திருக்கன். "காரணம்" எண்ட இடத்துல "அமாவாசை" எண்டு எழுதினன். எழுதுவினைஞர் பார்த்துப்போட்டு, "விரதமா மிஸ்?" எண்டு கேட்டார்.

மழை விட்டா நாலரைக்குத் தோணி.